புதுக்கோட்டைச் சமஸ்தான வரலாறு – 14: சேஷையா சாஸ்திரியின் பதினாறு ஆண்டுகள்

புதுக்கோட்டைச் சமஸ்தானத்தின் அரியணையில் அமர்ந்தவர்கள் தொண்டைமான்கள் என்றாலும், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அந்நாட்டின் வருவாய், நீதி, நிலம், கோயில், கருவூலம் ஆகிய அனைத்தையும் மாற்றியமைத்தவர் அரச குடும்பத்தைச் சேராத ஒருவர். 1878 ஆகஸ்டு முதல் 1894 நவம்பர் வரை, முதலில் சர்க்கேலாகவும் பின்னர் திவானாகவும், கடைசி எட்டு ஆண்டுகள் சிறுவயது அரசருக்காக ஆட்சி நடத்திய ரீஜண்டாகவும் விளங்கிய அமராவதி சேஷையா சாஸ்திரியே அவர். சர்க்கேல் என்பது தஞ்சை மராட்டியர் அரசிலும் வழங்கிய பதவிப்பெயர். படைத்தலைமையைக் குறித்த பாரசீகச் சொல்லிலிருந்து வந்து, காலப்போக்கில் தலைமை அமைச்சரைக் குறிக்கலாயிற்று. ரீஜண்ட் என்பது அரசர் வயதுக்கு வரும்வரை அவர் பெயரால் ஆள்பவரைக் குறிக்கும். இவ்விரு நிலைகளிலும் சாஸ்திரி செய்தவற்றைச் சீர்திருத்தம் என்று ஒரு சாராரும், பழைய அரசமைப்பின் வேரை அறுத்த செயல் என்று மற்றொரு சாராரும் மதிப்பிட்டிருக்கின்றனர். இரு மதிப்பீடுகளுக்கும் உரிய சான்று, திருக்கோகர்ணத்து அம்மன் சன்னிதியிலும், அதைச் சூழ்ந்த கண்மாய்ப் பாசன ஊர்களின் நிலக்கணக்கிலும் ஒருசேரக் கிடைக்கிறது.

சமஸ்தானம் இருந்த நிலை

சென்ற பகுதியில் கண்டவாறு, 1839இல் பட்டத்துக்கு வந்த இராமச்சந்திர தொண்டைமானின் ஆட்சி கடனாலும் நிர்வாகக் குழப்பத்தாலும் நலிவுற்றிருந்தது. 1,178 சதுர மைல் பரப்புள்ள இச்சமஸ்தானம் ஆங்கிலேயருக்குக் கப்பம் எதுவும் கட்டவில்லை. பாளையக்காரர் போர்களில் கம்பெனிக்குத் துணை நின்றதற்குப் பரிசாக 1803இல் கீழாநிலைக் கோட்டையும் அதைச் சார்ந்த பகுதியும் கிடைத்தபோது, ஆண்டுக்கு ஒரு யானை அளிக்க வேண்டும் என்ற நிபந்தனை விதிக்கப்பட்டு, பின்னர் அதுவும் கைவிடப்பட்டது. கப்பம் இல்லாத நாடு கடனில் மூழ்கியதை ஆங்கில அரசு அரசரின் ஊதாரித்தனமாகவே கண்டது; அதற்குத் தண்டனையாக 1859இலும் 1873இலும் அவருக்குரிய மேன்மைப் பட்டத்தைப் பறித்தது. 1854இல் படைத்தலைவரான சேர்வைக்காரர் ஒருவரின் தலைமையில் கிளர்ச்சி எழுந்ததும், 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய தாதுவருடப் பஞ்சம் வானம் பார்த்த இந்நாட்டையும் விட்டுவைக்காததும் இந்நிலையை மேலும் கடுமையாக்கின.

அரசருக்கு ஆண் வாரிசு இல்லாத நிலையில், 1877இல் தம் மகளின் மகனான மார்த்தாண்ட பைரவரை அவர் சுவீகாரம் எடுத்துக்கொண்டார். சுவீகாரத்தை ஏற்பதும் மறுப்பதும் ஆங்கில அரசின் கையில் இருந்த காலத்தில், நிர்வாகத்தைச் சீர்செய்யத் திறமையான அமைச்சர் ஒருவரை அமர்த்துவது அரச மரபின் தொடர்ச்சியோடும் பிணைந்த தேவையாக இருந்தது.

சாஸ்திரி வந்த வழி

1828இல் தஞ்சை மாவட்டத்து அமராவதி என்னும் சிற்றூரில் பிறந்த சேஷையா சாஸ்திரி, சென்னையில் ஈ. பி. பவல் என்ற ஆசிரியரின் தலைமையில் இயங்கிய உயர்நிலைப் பள்ளியில் பயின்றார். பின்னாளில் மாநிலக் கல்லூரியாக வளர்ந்த அப்பள்ளி, ஆங்கிலக் கல்வியும் வருவாய்த்துறைப் பயிற்சியும் பெற்று, சுதேச சமஸ்தானங்களை நிர்வகிக்கச் சென்ற ஒரு தலைமுறையையே உருவாக்கியது. திருவிதாங்கூர், இந்தூர், பரோடா ஆகியவற்றின் திவானாக விளங்கிய டி. மாதவராவ் அத்தலைமுறையின் புகழ்பெற்ற முகம். மாதவராவ் 1872இல் திருவிதாங்கூரை விட்டு நீங்கியபோது அவ்விடத்துக்கு வந்தவர், சென்னை மாகாண வருவாய்த்துறையில் அடிநிலையிலிருந்து உயர்ந்திருந்த சாஸ்திரியே. ஆயில்யம் திருநாள் மகாராஜாவின் கீழ் ஐந்தாண்டுகள் பணியாற்றி 1877இல் அங்கிருந்து விடைபெற்ற அவர், மறு ஆண்டே புதுக்கோட்டைக்கு அழைக்கப்பட்டார்.

திருவிதாங்கூரின் பரப்போடும் வருவாயோடும் ஒப்பிடப் புதுக்கோட்டை மிகச் சிறியது. பெரிய நாட்டின் திவானாக இருந்தவர் இச்சிறு சமஸ்தானத்துக்கு வந்ததைத் தகுதிக் குறைவாகச் சிலர் கருதியிருக்கக்கூடும். ஆயினும் திருவிதாங்கூரில் அவர் கற்ற இரண்டு பாடங்கள் புதுக்கோட்டையில் பெரிதும் பயன்பட்டன. ஒன்று, நாட்டின் கணக்கைப் பணத்தில் நிறுத்தும் முறை. மற்றொன்று, நாட்டைத் தெய்வத்துக்கு உரியதாக்கி அரசரை அதன் அடியவராக நிறுத்தும் மரபு.

அமானி ஒழிப்பு

சாஸ்திரி முதலில் கைவைத்தது அமானி முறையில். அமானி என்பது விளைச்சலை அரசும் குடியானவரும் களத்திலேயே பங்கிட்டுக்கொள்ளும் ஏற்பாடு. அரசின் பங்கு மேல்வாரம் என்றும், உழுதவர் பங்கு குடிவாரம் என்றும் பெயர் பெற்றன. பங்கீடு முடியும்வரை குடியானவர் தம் நெல்லைக் களத்திலிருந்து எடுக்க முடியாது. பயிரைக் காவல் காக்கவும், கதிரை மதிப்பிடவும், நெல்லை அளக்கவும், அளந்ததைச் சர்க்கார் களஞ்சியத்தில் சேர்க்கவும், சேர்த்ததை விற்கவும் தனித்தனியே ஆட்கள் இருந்தனர். ஒவ்வொரு படியிலும் ஒரு பங்கு சிந்தியது. அதிகாரி வரத் தாமதமானால் மழையில் நனைந்து முளைவிட்ட நெல்லின் இழப்பு இரு தரப்புக்கும் பொதுவாயிற்று.

முந்தைய ஆண்டுகளின் விளைச்சலையும் விலையையும் சராசரியாகக் கணக்கிட்டு, நிலத்துக்கு இவ்வளவு என்று நிலையான பணத்தீர்வை விதித்ததன் மூலம் இம்முறைக்குச் சாஸ்திரி முடிவுகட்டினார். அறுவடை செய்த நெல்லைக் குடியானவர் தம் விருப்பப்படி வீட்டுக்குக் கொண்டுசெல்ல முடிந்தது. களத்தில் காத்துநின்ற இடையாட்களின் அதிகாரம் ஒழிந்தது. ஆண்டு வருவாய் இவ்வளவு வரும் என்று அரசு முன்கூட்டியே திட்டமிட முடிந்தது. கடன் தீர்ந்து கருவூலம் நிமிர்ந்ததற்கு இம்மாற்றம் அடிப்படை.

எனினும் அமானியில் ஒரு காப்பு உள்ளடங்கியிருந்தது. விளைந்தால் பங்கு, விளையாவிட்டால் பங்கில்லை என்பதால், மழை பொய்த்த ஆண்டின் சுமையில் அரசும் தன் பாகத்தை ஏற்றது. பெரிய ஆறு பாயாத, ஏந்தலையும் கண்மாயையும் நம்பிய நாட்டில் இது சிறிய செய்தியன்று. பணத்தீர்வை வந்தபின், கண்மாய் நிறைந்தாலும் வறண்டாலும் தவணை நாள் வந்துவிடும்; வஜா என்னும் வரித்தள்ளுபடி அரசு மனமுவந்து தரும் சலுகையாகவே நின்றது. களத்தில் நடந்த ஊழல் குறைந்தது உண்மை. தவணைக்காக வட்டிக்குக் கடன் வாங்கும் தேவை பிறந்ததும் அதே மாற்றத்தின் விளைவு.

பிரகதாம்பாதாஸ்

நகரை ஒட்டிய திருக்கோகர்ணத்தில், குன்றைக் குடைந்து அமைக்கப்பட்ட கருவறையில் கோகர்ணேசுவரரும், தனிச் சன்னிதியில் பிரகதாம்பாளும் எழுந்தருளியுள்ளனர். கோகர்ணம் என்றால் பசுவின் காது; காமதேனு தன் காதில் கங்கைநீர் கொணர்ந்து இறைவனை நீராட்டியதாகத் தலபுராணம் கூறுவதால் இப்பெயர் வழங்குகிறது. பல்லவர் காலக் குடைவரைக் கலையின் சாயல் கொண்ட இக்கோயிலில், சோழ பாண்டியர் காலம் தொடங்கிப் பின்வந்த ஆட்சிகள் வரை கட்டடங்கள் அடுக்கடுக்காகச் சேர்ந்துள்ளன. தொண்டைமான்களுக்குப் பிரகதாம்பாள் குலதெய்வம். மக்கள் நாவில் அவள் அரைக்காசு அம்மன்.

சாஸ்திரியின் ஆலோசனைப்படி 1881இல் இராமச்சந்திர தொண்டைமான் பிரகதாம்பாதாஸ் என்ற பட்டத்தைத் தம் பெயரோடு சேர்த்துக்கொண்டார். பிரகதாம்பாளின் அடியவர் என்பது இதன் பொருள். திருவிதாங்கூர் அரசர்கள் பத்மநாபதாசர் என்ற பட்டம் பூண்டு, நாட்டை அனந்தபத்மநாபருக்கு உரியதாக்கி ஆண்டுவந்த மரபு சாஸ்திரி அண்மையில் கண்டுவந்தது. அதே வடிவம் இங்கு அம்மனின் பெயரால் நிறுவப்பட்டது என்று கொள்வதில் தவறில்லை.

இப்பட்டத்தை வெறும் சமயப் பற்றாக மட்டும் காண்பது போதாது. அரசர் ஆங்கில அரசிடம் மேன்மைப் பட்டத்தை இருமுறை இழந்தவர். வெளியார் கொடுத்ததை வெளியார் பறிக்கலாம், ஆனால் திருக்கோகர்ணத்து அம்மனின் அடியவர் என்ற பெயரைப் பறிக்க எந்த அரசுக்கும் அதிகாரம் இல்லை. அதே நேரத்தில், நாடு தெய்வத்துக்கு உரியது என்ற கருத்து அரசரின் சொந்தச் செலவுக்கு ஒரு வரம்பையும் விதிக்கிறது. தெய்வத்தின் சொத்தை விருப்பம்போல் அழிக்கும் உரிமை அடியவருக்கு இல்லை. அரசரின் மதிப்பை உயர்த்திய இதே பட்டம் அவருடைய கையைக் கட்டவும் உதவியது.

இனாம் பைசல்

சாஸ்திரியின் ஆட்சியில் மிகுந்த வாதத்துக்கு உள்ளானது 1888ஆம் ஆண்டின் இனாம் பைசல். இனாம் என்பது வரியின்றியோ குறைந்த வரியுடனோ அரசர் அளித்த நிலம். புதுக்கோட்டையில் இது சில கோயில்களுக்கும் அந்தணர்களுக்கும் மட்டும் உரிய சலுகையாக இருக்கவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பயிரிடப்பட்ட நிலத்தில் பத்தில் மூன்று பங்குக்கும் குறைவான பகுதியே வரியோ வாரமோ செலுத்தியது என்றும், எஞ்சியதெல்லாம் ஏதேனும் ஒரு வகை இனாமாக இருந்தது என்றும் இச்சமஸ்தானத்தை ஆராய்ந்த நிக்கோலஸ் டர்க்ஸ் கணக்கிடுகிறார். கோயில்களுக்குத் தேவதாயம், அந்தணர்க்குப் பிரமதாயம், சத்திரம் போன்ற அறங்களுக்குத் தர்மதாயம், படைவீரர்க்கு அமரம், அரண்மனையிலும் ஊரிலும் பணிசெய்தோர்க்கு ஊழிய மானியம் என அவை பலவகைப்பட்டன. அமரம் பெற்றவர்கள் அமரகாரர்கள். சேர்வைக்காரர்களின் தலைமையில் போருக்குத் திரண்டவர்கள். 1801க்குப் பின் போர் ஓய்ந்ததால், அவர்கள் அரண்மனைக் காவல், ஊர்வலம், திருவிழாக் கடமைகள் ஆகியவற்றைச் செய்து நிலத்தை அனுபவித்து வந்தனர்.

இவ்வமைப்பில் நிலம் என்பது ஓர் உறவின் அடையாளம். அரசர் கொடுத்தார், குடி கடமை செய்தது. நவராத்திரியின்போது ஒவ்வொருவரும் தமக்குரிய இடத்தில் நின்று அக்கடமையை ஊரறிய நிறைவேற்றினர். வருவாய்த்துறையில் வளர்ந்த நிர்வாகியின் கண்ணுக்கு இதே அமைப்பு வேறுவிதமாகத் தோன்றியது. போரே இல்லாத நாட்டில் போர்வீரர்க்கு நிலம் எதற்கு என்பதும், ஊழியம் நின்றுபோன மானியம் யாருடையது என்பதும், மூலப் பட்டயம் தொலைந்த நிலத்தை ஒருவர் விற்றால் அது செல்லுமா என்பதும் ஆண்டுதோறும் எழுந்த வழக்குகள். சென்னை மாகாணத்தில் 1858இல் அமைக்கப்பட்ட இனாம் கமிஷன் இக்கேள்விகளுக்கு ஏற்கெனவே ஒரு விடை கண்டிருந்தது. அவ்விடையே புதுக்கோட்டைக்கும் முன்மாதிரி ஆயிற்று.

அதன்படி இனாம் நிலங்கள் ஒவ்வொன்றாக விசாரிக்கப்பட்டன. தேவையற்றதாகக் கருதப்பட்ட ஊழியக் கடமைகள் நீக்கப்பட்டன. அதற்கு ஈடாக, முழுத்தீர்வையைவிடக் குறைந்த ஒரு நிலையான தொகை விதிக்கப்பட்டு, நிலம் அனுபவித்தவருக்கே உரிமை ஆவணம் வழங்கப்பட்டது. ஜோடி என்று வருவாய்த்துறையில் வழங்கும் இத்தகைய குறைவரியைக் கட்டியவர், இனி யாருக்கும் ஊழியம் செய்யக் கடமைப்பட்டவர் அல்லர்; நிலத்தை விற்கலாம், அடகு வைக்கலாம், பிள்ளைகளுக்குப் பங்கிடலாம்.

இம்மாற்றம் நிகழ்ந்த காலத்தை நினைவில் கொள்வது அவசியம். 1886 ஏப்ரலில் இராமச்சந்திர தொண்டைமான் மறைந்தபோது, 1875இல் பிறந்த மார்த்தாண்ட பைரவருக்கு வயது பத்து. சாஸ்திரி ரீஜண்ட் பொறுப்பை ஏற்றார். இளவரசரின் கல்வியைக் கிராஸ்லி என்ற ஆங்கில ஆசிரியர் கவனித்தார். நாட்டின் நிலத்தில் பெரும்பகுதியின் தன்மையை மாற்றிய முடிவு, இசைவு கொடுக்கவோ மறுக்கவோ வயது வந்த அரசர் ஒருவர் இல்லாத ஆண்டுகளில் நிறைவேறியது. முன்னோர் கொடுத்த கொடையின் நிபந்தனையை மாற்றும் உரிமை, கொடுத்தவர் மரபில் வந்தவருக்கு உண்டா என்பதே விவாதத்துக்கு உரியது. அப்படியிருக்க, அவர் பெயரால் ஆளும் அலுவலருக்கு அது உண்டா என்பது இன்னும் கடினமான கேள்வி. சட்டத்தின்படி ரீஜண்டுக்கு அதிகாரம் இருந்தது. மரபின்படி அதற்கு முன்மாதிரி இல்லை.

இழப்பும் ஆதாயமும் எல்லார்க்கும் ஒரே அளவில் அமையவில்லை. எழுத்தறிவும் ஆவணமும் கைவசம் இருந்தோர், பைசலுக்குப் பின் தம் நிலத்தை உறுதியான சொத்தாக்கிக்கொண்டனர். பட்டயம் இல்லாமல், செய்துவந்த கடமையையே சான்றாகக் காட்டக்கூடிய சிறிய அமரகாரருக்கு விசாரணை அலுவலரின் முன் நிற்பதே கடினம்; உரிமை கிடைத்த பின்னரும் ஜோடி என்னும் புதிய பணச்சுமை சேர்ந்தது. மறுபுறம், தலைமுறை தலைமுறையாகக் கட்டாயமாய்ச் செய்துவந்த ஊழியத்திலிருந்து விடுபட்டவர்களுக்கு இது உண்மையான விடுதலை. அரசருக்கும் குடிக்கும் இடையே இருந்த பழைய கட்டு மேன்மையானது என்று எழுதுவோர், அக்கட்டின் அடியில் நின்றவர்கள் அதை எவ்வாறு சுமந்தார்கள் என்பதையும் சேர்த்தே நிறுக்க வேண்டும்.

நகரும் காசும்

புதுக்கோட்டை நகரின் நேரான வீதிகள், பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மற்றொரு சிறுவயது அரசரின் காலத்தில் நிர்வாகத்தைக் கவனித்த தஞ்சை ரெசிடெண்டு மேஜர் பிளாக்பர்னின் நாளில் வகுக்கப்பட்டவை. அந்த வரைவின் மேல் பொதுக் கட்டடங்களை எழுப்பியும், பல்லவன் குளம், புதுக்குளம் முதலிய நீர்நிலைகளைச் செப்பனிட்டும் நகருக்கு இன்றைய உருவத்தை அளித்தவர் சாஸ்திரி. குடிநீருக்குக் குளத்தை நம்பிய ஊரில், குளத்தைத் தூர்வாரிக் கரையமைத்துக் காவலிட்டது எவ்வகைச் சார்புமற்ற நற்பணி. அவரைக் குறைகூறுவோரும் இதை மறுத்ததில்லை.

அம்மன் காசும் அவர் காலத்தில் புதுவடிவம் பெற்றது. ஒருபுறம் அமர்ந்த கோலத்தில் அம்மனும், மறுபுறம் தெலுங்கு எழுத்தில் விஜய என்ற சொல்லும் பொறித்த இச்சிறு செப்புக்காசில் 20 சேர்ந்தால் ஓர் அணா. ஒரு ரூபாய்க்கு 320. நவராத்திரி நாட்களில் அரிசியோடு இக்காசும் தானமாக வழங்கப்பட்டது. உள்ளூரில் அச்சிட்ட பழைய காசுகள் ஒழுங்கற்ற வடிவில் இருந்ததால், 1889இல் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரத்து ஹீட்டன் நிறுவனத்தில் எந்திரத்தால் அச்சிடச் செய்து வரவழைத்தனர். திருக்கோகர்ணத்து அம்மனின் உருவம் கடல்கடந்த ஆலையில் ஒரே அளவும் ஒரே எடையுமாக அச்சிடப்பட்டது, அக்கால நிர்வாகத்தின் இயல்பைக் காட்டும்: பழைய தெய்வமும் பழைய தானமும் நிலைத்தன, அளவும் கணக்கும் புதியவை.

மூன்று மதிப்பீடுகள்

சாஸ்திரி உயிரோடிருந்த 1902ஆம் ஆண்டிலேயே புதுக்கோட்டைக் கல்லூரிப் பேராசிரியர் பி. வி. காமேசுவர ஐயர் அவருடைய வாழ்க்கை வரலாற்றை வெளியிட்டார். சீரழிந்த நாட்டை நிமிர்த்திய அரசியல் அறிஞராக அந்நூல் அவரைக் காட்டுகிறது. 1916இல் வெளிவந்த எஸ். ராதாகிருஷ்ண ஐயரின் சமஸ்தான வரலாறு, அவர் ஆட்சியைப் பழையதற்கும் புதியதற்கும் இடைப்பட்ட எல்லைக்கோடாக நிறுத்துகிறது. இருவரும் அவர் வளர்த்த நிர்வாக உலகத்துக்குள் இருந்து எழுதியவர்கள். 1987இல் வெளியான டர்க்ஸின் 'தி ஹாலோ கிரவுன்' மாறான திசையிலிருந்து நோக்குகிறது. கொடையாலும் கடமையாலும் நெய்யப்பட்டிருந்த அரசியல் உறவு இனாம் பைசலால் வெறும் சொத்துறவாகச் சுருங்கியது என்றும், உள்ளீடற்ற மகுடமே அரசரிடம் எஞ்சியது என்றும் அவர் வாதிடுகிறார்.

இவ்வாதத்தின் வலிமையை ஏற்றுக்கொண்டே ஒன்றைச் சேர்க்க வேண்டியுள்ளது. மகுடத்தின் உள்ளீட்டைக் கரைத்தவர் சாஸ்திரி ஒருவரே அல்லர். போர் ஓய்ந்த 1801ஆம் ஆண்டிலும், சுவீகாரத்துக்கு வெளியார் இசைவு தேவைப்பட்ட நாளிலும், மேன்மைப் பட்டம் பறிக்கப்பட்ட போதும் அது படிப்படியாகக் கரைந்துவந்தது. நிர்வாகம் குலைந்தால் நேரடியாகத் தலையிட ஆங்கில அரசு காத்திருந்தது. கணக்கைச் சீராக்கியதன் மூலம் அந்த வாய்ப்பை மூடியவர் அவர். சமஸ்தானம் 1948 மார்ச் 3 அன்று இந்திய ஒன்றியத்தில் இணையும்வரை தனித்து நின்றதற்கு அவர் அமைத்த நிர்வாகமும் ஒரு காரணம். அவர்மீது நிற்கும் குறை வேறிடத்தில் உள்ளது. யாருடைய வாழ்வு மாறுகிறதோ அவர்களைக் கேட்கும் அமைப்பு எதையும் அவர் உருவாக்கவில்லை. ரீஜண்ட் அறிவார், குடி ஏற்கும் என்ற நம்பிக்கையில் பதினாறு ஆண்டுகளும் கழிந்தன. பிரதிநிதிகளின் சபை ஒன்று புதுக்கோட்டையில் தோன்ற 1902 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

1894 நவம்பரில் மார்த்தாண்ட பைரவர் முழு அதிகாரத்துடன் பொறுப்பேற்றபின் சாஸ்திரி கும்பகோணத்துக்குச் சென்று ஓய்வு வாழ்வு நடத்தி, 1903 அக்டோபர் 29 அன்று காலமானார். இளைய அரசர் பெற்றது கடனற்ற கருவூலமும், ஒழுங்கான அலுவலகங்களும், செப்பனிட்ட குளங்களும். அவருடைய முன்னோர் ஒருவரால், தம்மிடம் வந்த வீரனுக்கு ஒரு வயலைக் காட்டி, இது இனி உன்னுடையது என்று சொல்ல முடிந்தது. நிலமெல்லாம் தீர்வைக் கணக்கில் ஏறிவிட்ட நாட்டில் அவரால் அவ்வாறு சொல்ல இயலவில்லை. ஆண்டில் ஒன்பது இரவுகள் அரிசியோடு அம்மன் காசையும் வழங்குவது மட்டும் முன்போலவே தொடர்ந்தது. கொடுப்பவர் என்னும் பெயரால் அரசராக இருந்தவருக்குக் கொடுக்க எஞ்சியது எது என்ற கேள்வியோடுதான் மார்த்தாண்ட பைரவரின் ஆட்சி தொடங்குகிறது. அவ்வாட்சியை அடுத்த பகுதி ஆராயும்.